பட்டுக் கயிற்றில் ஏறிய பட்டாணி

பிள்ளையார்பாளையம்,
22-10-2024

தங்கை காந்தாவுக்கு,

அக்கா நீலாம்பாள் எழுதுகிறேன். நானும் உன் மாமாவும் சௌக்கியம். உன் மேல் எனக்குள்ள கோபமும் ஒரு குறையும் இல்லாமல் சௌக்கியமாகவே இருக்கிறது. உன் முழங்கால் வலி எப்படி? கோத்தகிரிக் குளிரில் கூடியிருக்கும். போனைப் பாதிப் பேச்சில் வெட்டிய கையை விட்டுவிட்டு வலி காலுக்குப் போனதில்தான் எனக்கு வருத்தம்.

ஆடி மாதம் நடந்ததை நீ மறந்திருப்பாய், நான் மறக்கவில்லை. பக்கத்து வீட்டு சாயப்பட்டறை சீனிவாசன் மகன் ஆனந்தராஜ் ஜாதகம் நம் தீபிகாவுக்குப் பொருந்துகிறது என்று ஆசையாகச் சொன்னேன். "உன் தெருப் பையன் எனக்கு வேணாம்" என்று வெட்டினாய். அன்றைக்கே சாமி படத்துக்கு முன்னால் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்தேன், ஒரு வருஷம் உன்னோடு வாயால் பேசுவதில்லை என்று. பிறகு நீயே பையனைப் பார்த்து மயங்கி ஆவணியில் பூ வைத்துக்கொண்டாய். சத்தியம் சத்தியம்தானே? பூ வைக்க உன் வீட்டுக்கு வந்த மூன்று நாளும் உன் எதிரிலேயே உட்கார்ந்து "தீபிகா, உங்கம்மாவை உப்பு எடுத்தாரச் சொல்லு" என்றுதான் பேசினேன். கையால் எழுதக்கூடாது என்று அப்போது சேர்த்துச் சொல்லவில்லை. அதனால் இந்தக் கடிதம்.

உன் மாமா தறிக்குழியிலிருந்து தலையைத் தூக்கிச் சொல்கிறார்: "போன்ல அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு சண்டை. லெட்டர்னா ஒரு சண்டைக்குப் பதினஞ்சு நாள் ஆவுது. நல்லதுதான், எழுது."

விஷயத்துக்கு வருகிறேன். உன் வீட்டில் தோலோடு வதக்கிப் போட்டாயே ஒரு பட்டாணி, தீபிகா அதை ஸ்னோ பீஸ் என்றாள், அதை இங்கே போடப் போகிறேன். நம் புழக்கடையில் மதிலை ஒட்டி இரண்டு முழம் இடம் சும்மா கிடக்கிறது. விதைப் பண்ணையில் வேலை பார்க்கிற பெண் வீட்டில் இருக்கும்போது விதைக்கா பஞ்சம்? அனுப்பு. அனுப்பாவிட்டாலும் கோபப்பட எனக்கு வேறு காரணம் நிறைய இருக்கிறது.

தீபிகாவுக்கு என் முத்தம். உனக்கு இல்லை.
நீலாம்பாள்

*

கோத்தகிரி,
30-10-2024

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கு மூவரும் நலம். என் முழங்கால் உன் ஆசீர்வாதத்தால் இன்னும் நன்றாக வலிக்கிறது. தீபாவளிக்கு மாமாவுக்குப் புது வேட்டி எடுத்தீர்களா, இல்லை போன வருஷத்து வேட்டிக்கே மஞ்சள் தடவினீர்களா?

கவரில் முப்பது விதை இருக்கிறது. தீபிகா சொன்னதை அப்படியே எழுதுகிறேன். உங்கள் ஊர் வெயிலுக்கு இது வரும் என்று அவளுக்கு நம்பிக்கை இல்லை. கார்த்திகை பிறந்து காற்று குளிர்ந்த பிறகுதான் போட வேண்டும். விதையை ஒரு ராத்திரி ஊறவைத்து, ஒரு அங்குல ஆழம், நாலு விரல் இடைவெளி. பிடுங்கி நடக்கூடாது, போட்ட இடத்திலேயே வளர வேண்டும். தண்ணீர் தேங்கினால் வேர் அழுகும். எரு அதிகம் போட்டால் இலையாகவே போகும். முளைத்ததும் ஏறிக்கொள்ளக் கயிறு கட்டு. இவ்வளவுதான்.

நிச்சயதார்த்தம் மாசி பிறந்து முதல் ஞாயிறு, பிப்ரவரி 16. அங்கேதான், காஞ்சியில். மாப்பிள்ளை தினமும் தீபிகாவோடு பேசுகிறார். அமைதியான பையன், ஒரு சொல் அதிர்ந்து வருவதில்லை. நீ வாழ்க்கையில் ஒருமுறை சரியாகச் சொல்லியிருக்கிறாய் என்று இவர்கூட ஒத்துக்கொண்டார்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். நிச்சயம் முடிகிறவரை உன் வாயை அந்த வீட்டில் காட்டாதே.

காந்தா

*

பிள்ளையார்பாளையம்,
2-12-2024

காந்தா,

நாங்கள் நலம், நனைந்துபோய் நலம். மழை நாலு நாள் விடவில்லை. தறியில் ஏற்ற வேண்டிய பாவு நூல் நனைந்துவிடும் என்று உன் மாமா ஒரு பக்கம் அழ, பட்டாணி நனைகிறது என்று நான் ஒரு பக்கம் குடை பிடித்துக்கொண்டு நின்றேன். பட்டாணிக்குக் குடை பிடித்த முதல் பைத்தியம் நான்தான் என்று தெருவே சிரித்தது.

முப்பதில் இருபத்திரண்டு முளைத்தது. அதில் ஏழு செத்தது. ஏன் என்று கேள். பாவுக்குப் போட்ட கஞ்சி ஒரு குண்டான் மீந்தது. நூலுக்கே தெம்பு கொடுக்கிற கஞ்சி செடிக்குக் கொடுக்காதா என்று ஊற்றிவிட்டேன். மறுநாள் வெள்ளையாய்ப் பூசணம், எறும்புக் கூட்டம். தண்ணீர் தேங்கக்கூடாது என்று எழுதினாய், கஞ்சி ஊற்றக்கூடாது என்று எழுதினாயா? ஏழு உயிர் உன் தலையில்தான்.

மீதிப் பதினைந்தும் அணில் கண்ணில் படாமல் தேறிவிட்டது. கயிறு வாங்க யார் போவது? தறியில் கழித்த பட்டு நூல் வெள்ளையாய் ஒரு பை கிடந்தது. முறுக்கி, மதிலில் ஆணி அடித்து, மேலிருந்து கீழே பதினைந்து இழை கட்டிவிட்டேன். பட்டுக் கயிற்றில் ஏறுகிற பட்டாணி உலகத்திலேயே நம் வீட்டில்தான். அதன் சுருள் கம்பி இருக்கிறதே, குழந்தை விரலைப் பிடிக்கிற மாதிரி நூலைப் பிடித்துக்கொள்கிறது. வேலை ஓடவில்லை காந்தா. தறிக்கு நூல் தார் சுற்றிக்கொண்டே பத்து தடவை எழுந்து போய் அந்தக் கொடிக்கு அடியில் குந்திக்கொள்கிறேன்.

சம்பந்தி வீட்டோடு வாயைக் காட்டவில்லை. பல்லை மட்டும் காட்டுகிறேன். இளவரசி, அதுதான் பையனின் அம்மா, மதிலுக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்து, "அக்கா, என்னாக்கா இது, தொட்டில் கட்டின மாதிரி கட்டிக்கினு இருக்கீங்க" என்றாள். அவள் பேசுவதே அபூர்வம். எனக்குச் சந்தோஷமாகிவிட்டது.

முழங்காலுக்கு நல்லெண்ணெய் தடவு. என் பெயரைச் சொல்லிக்கொண்டு தடவு, நன்றாக அழுத்தம் வரும்.
நீலாம்பாள்

*

பிள்ளையார்பாளையம்,
6-1-2025

காந்தா என்கிற மோசக்காரிக்கு,

என் உடம்புக்கு ஒன்றுமில்லை, ரத்தம் மட்டும் கொதிக்கிறது. மாமா நலம். அவருக்கு எதுவும் கொதிக்காது.

என் கடிதத்துக்கு ஒரு மாதமாகப் பதில் இல்லை. கல்யாண வேலை என்று சொல்வாய். சரி. ஆனால் நீ அனுப்பிய விதை என்ன விதை? பூ வந்தது, வெள்ளை வெளேரென்று, பட்டாம்பூச்சி உட்கார்ந்த மாதிரி. தெருவில் எல்லோரையும் இழுத்து வந்து காட்டினேன். பூ விழுந்து காய் வந்தது. ஒரு வாரமாகத் தினம் தடவிப் பார்க்கிறேன். சப்பை! உள்ளே பயிறே இல்லை. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் மிளகு அளவுக்குப் புள்ளி புள்ளியாய் ஏதோ தெரிகிறது. இளவரசி, எதிர்வீட்டுக்காரி, பால்காரர் எல்லோரிடமும் என் தங்கை மலையிலிருந்து அனுப்பிய உசத்தி விதை என்று பீற்றிக்கொண்டது போதாதா? பண்ணையில் கழித்த விதையைத்தானே என் தலையில் கட்டினாய்? கூடப் பிறந்தவளுக்குக்கூட நல்லதாய் நாலு விதை அனுப்ப மனசு வரவில்லையே!

இந்தக் கோபத்திலும் ஒரு சிரிப்பு. நேற்று ஆனந்தராஜ் மதிலோரம் வந்து நின்றான். பட்டறை ஆட்கள் நாலைந்து பேர் அங்கே பட்டு அலசிக்கொண்டிருந்தார்கள். "என்னா அத்தே, காய் வந்திச்சா?" என்றான். உச்சியில் இரண்டு காய் இருந்தது, கையை நீட்டினான், எட்டவில்லை. எனக்கு வாய் நிற்குமா? "விடு மாப்ளே. எங்க தீபிகா வந்தா நின்ன இடத்துலயே பறிச்சிடுவா. உன்னவிட நாலு விரக்கடை ஒசரம். நிச்சயத்தன்னிக்கு மட்டும் பலகை போட்டு ஏறி நின்னுக்கோ" என்றேன். ஆட்கள் எல்லாம் சிரித்து உருண்டார்கள். அவனும் சிரித்தான். பரவாயில்லை, கேலி தாங்குகிற பிள்ளை. நல்ல இடத்தில்தான் கொடுத்திருக்கிறேன்.

விதைக்குப் பதில் சொல்.
நீலாம்பாள்

*

கோத்தகிரி,
11-1-2025

அக்கா,

எல்லோரும் நலம். பொங்கல் வாழ்த்துகள். கரும்பு கடிக்கப் பல் மிச்சம் இருக்கும் என்று நம்புகிறேன்.

ஐயோ, அது அப்படித்தான் இருக்கும்! சப்பையாக இருக்கும்போதே தோலோடு தின்பதற்குத்தான் அந்தப் பட்டாணி. என் வீட்டில் மூன்று நாள் தின்றாயே, அதில் பயிறு இருந்ததா? பூ விழுந்து ஐந்தாறு நாளில் பறித்துவிட வேண்டும். உள்ளே பருக்க விட்டால் தோல் நாராகிவிடும், அடுத்த பூவும் வராது. தினமும் பறித்தால்தான் தினமும் காய்க்கும். பறி. உடனே பறி. மோசக்காரி என்று எழுதியதற்கு மன்னிப்பு அடுத்த கடிதத்தில் முதல் வரியாக வர வேண்டும். நான் கேலிக்குச் சொல்லவில்லை. அதைப் படித்தபோது எனக்குச் சோறு இறங்கவில்லை.

இன்னொன்றுக்கும் எனக்குக் கோபம். வேலைக்காரர்கள் முன்னால் மாப்பிள்ளையை உயரம் சொல்லிக் கேலி செய்தாயே, உனக்கு வயது ஐம்பத்திரண்டா, பன்னிரண்டா? அவர் தங்கமானவர் என்பதால் சிரித்தார். வேறு ஒருவராக இருந்தால் சம்பந்தமே கெட்டிருக்கும். போய் நல்லபடியாக நாலு வார்த்தை பேசிவிட்டு வா.

காந்தா

*

பிள்ளையார்பாளையம்,
18-1-2025

காந்தாவுக்கு,

நலம். மன்னித்துக்கொள், விதை நல்ல விதை.

கொடி போய்விட்டது. வெயில்.

முழங்காலைப் பார்த்துக்கொள்.
நீலாம்பாள்

*

கோத்தகிரி,
23-1-2025

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம். உனக்கு என்ன? காய்ச்சலா? நீ இவ்வளவு சின்னக் கடிதம் எழுதி நான் பார்த்ததே இல்லை. கேட்டவுடன் மன்னிப்பு வேறு கேட்டிருக்கிறாய். அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

பத்திரிகை அச்சாகி வந்துவிட்டது, ஒன்று வைத்திருக்கிறேன். மண்டபம், சமையல்காரர் எல்லாம் பேசியாயிற்று. தீபிகா வேலைக்கு ஒரு வாரம் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டாள்.

கொடி வெயிலில் போனது என்று எழுதியிருக்கிறாய். மாப்பிள்ளை தீபிகாவிடம், "பாவம், பெரியம்மா செடி. எங்க சாக்கடை அடைச்சிக்கிட்டு சாயத்தண்ணி தானா வழிஞ்சிடுச்சு" என்று வருத்தப்பட்டாராம். தை மாதத்தில் பட்டாணியைக் கொல்கிற வெயில் எங்கே அடிக்கும் என்று தீபிகா கேட்கிறாள். வெயிலா, சாக்கடையா? எதை மறைக்கிறாய்?

காந்தா

*

பிள்ளையார்பாளையம்,
27-1-2025

காந்தா,

நலம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை. எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன். படித்துவிட்டுக் கிழித்துப் போடு, ஆனால் முழுசாகப் படி.

வெயிலும் இல்லை, சாக்கடையும் இல்லை. காணும் பொங்கலுக்கு நானும் உன் மாமாவும் அவர் அண்ணன் வீட்டுக்குத் தாமல் வரை போயிருந்தோம். முதல்நாள்தான் முதல் பறிப்பு, இரண்டு கை நிறைய. நீ சொன்னபடி வதக்கித் தின்றோம், மொறுமொறுவென்று. உன்னைத் திட்டியதை நினைத்து உன் மாமாவிடம் அழுதேன், அதை உனக்கு எழுதக்கூடாது என்றுதான் இருந்தேன். சாயங்காலம் திரும்பிவந்து புழக்கடைக் கதவைத் திறந்தேன். பதினைந்து கொடியும் வேகவைத்த கீரை மாதிரி தொங்குகிறது. நான் கட்டிய வெள்ளைப் பட்டு இழை பதினைந்தும் பளீர் ரோஸாய் ராணிக் கலர்.

கத்தினேன். ஆனந்தராஜ் மதிலுக்கு வந்தான். "அத்தே, சாக்கடை அடைச்சிக்கினு வழிஞ்சிடுச்சி. லோகேஸ்வரன் கவனிக்கல" என்றான். லோகேஸ்வரன் அந்தப் பட்டறையில் இருபது வருஷமாக வேலை பார்க்கிறவன், கல்யாண வயசில் பெண் இருக்கிறது. அவனைக் கூப்பிட்டு, என் கண்ணெதிரில், கன்னத்தில் ஒன்று விட்டான். "அத்தைகிட்ட மன்னிப்புக் கேள்றா" என்றான். அந்த ஆள் என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டான் காந்தா. கும்பிட்ட கை இரண்டும் முழங்கை வரை மாம்பழ மஞ்சள். அன்றைக்கு அவன் தொட்டி மஞ்சள் தொட்டி. ராணிக் கலர் ஆனந்தராஜின் நகக்கண்ணில் இருந்தது. என்னைப் பார்த்துச் சிரித்தான். பலகை போட்டு ஏறிக்கோ என்றபோது சிரித்தானே, அதே சிரிப்பு.

நான் படிக்காதவள்தான். ஆனால் பட்டும் சாயமும் எனக்குத் தெரியாதா? சாக்கடை வழிந்தால் வேரில் வழியும். மதில் உச்சியில் கட்டின நூலில் எப்படி ஏறும்? ஆறின தண்ணீர் பட்டால் நூல் கறைபடும், அலசினால் போய்விடும். நான் ஒரு இழையை அவிழ்த்து சோப்புப் போட்டுக் கசக்கினேன். கசக்கு கசக்கு என்று கசக்கினேன். ஒரு சொட்டு இறங்கவில்லை. கொதிக்கிற தண்ணீரில்தான் பட்டு அப்படிச் சாயம் குடிக்கும். அடுப்பிலிருந்த தொட்டியில் மொண்டு, மதிலுக்கு மேலே தூக்கி, ஒரு கொடி விடாமல் பதினைந்துக்கும் ஊற்றியிருக்கிறான். தை மூன்றாம் தேதி, காலியான வீட்டில். நான் கேலி செய்து பதினோரு நாள் கழித்து. பதினோரு நாளும் தினம் காலையில் "அத்தே, சாப்ட்டீங்களா" என்று கேட்டுக்கொண்டே இருந்தான்.

வெயில் என்று ஏன் எழுதினேன் தெரியுமா? ஜாதகம் கொண்டுவந்தது நான். உன்னோடு சண்டை போட்டு, சத்தியம் செய்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு உன்னைச் சம்மதிக்க வைத்தது நான். ஆடியில் நீ வேண்டாம் என்றது சரி, நான் தப்பு என்று என் கையால் எழுத வரவில்லை. பத்து நாள் அதை விழுங்கினேன். நீ பத்திரிகை வைத்து அனுப்பியிருக்கிறாய். அதில் என் பெயரையும் உன் மாமா பெயரையும் போட்டிருக்கிறாய். அதைப் பார்த்த பிறகு என்னால் முடியவில்லை.

இந்தக் கல்யாணம் வேண்டாம். என் மேல் எனக்கு வருகிற கோபத்துக்கு உன் கோபமெல்லாம் எம்மாத்திரம்.

நீலாம்பாள்

*

கோத்தகிரி,
1-2-2025

நீலாம்பாளுக்கு,

உயிரோடு இருக்கிறோம்.

ஒரு முழம் பட்டாணிக் கொடிக்காக என் பெண்ணின் வாழ்க்கையை நிறுத்தச் சொல்கிறாயா? ஊரெல்லாம் பத்திரிகை கொடுத்தாகிவிட்டது. நின்றுபோனால் பேச்சு யாருக்கு? உனக்கா? நீ அங்கே சிரித்துக்கொண்டு இருப்பாய். இங்கே டீ ஃபாக்டரியில் இவர் தலை நிமிர்ந்து நடக்க வேண்டும்.

சரி, அவர்தான் ஊற்றினார் என்றே வைத்துக்கொள்கிறேன். நாலு பேர் முன்னால் ஆண்பிள்ளையைக் குள்ளன் என்றால் கோபம் வராதா? செடியில் காட்டினார், மனிதர் மேல் காட்டவில்லையே? லோகேஸ்வரன் விஷயம் முதலாளிக்கும் ஆளுக்கும் உள்ளது. உன் வாயால் வந்தது, உன் கொடியோடு போகட்டும். சின்ன வயதிலிருந்து உன் கேலிக்கு நான் அழுதது உனக்குத் தெரியுமா? அழுதால் "சும்மா வெளாட்டுக்கு" என்பாய். அவருக்கு அழத் தெரியவில்லை, தண்ணீர் ஊற்றினார். எனக்கு அவர் மேல் கோபம் இல்லை, உன் மேல்தான்.

உன் கடிதத்தை நான் கிழிக்கவில்லை. அரிசிப் பானையில் போட்டேன். அங்கே தீபிகா எடுத்துப் படித்துவிட்டாள். அதற்கும் நீதான் காரணம்.

இனி எழுதாதே.
காந்தா

*

கோத்தகிரி,
8-2-2025

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

நீங்களும் பெரியப்பாவும் நலமா? அம்மா என்னோடு மூன்று நாளாகப் பேசவில்லை. உங்களிடம் கற்றுக்கொண்டிருக்கிறார். அப்பா வழியாகத்தான் "சாப்பிடச் சொல்லுங்க" என்கிறார்.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு உங்கள் மேல்தான் முதலில் கோபம் வந்தது. பத்து நாள் வெயில் என்று சொல்லி மறைத்துவிட்டீர்களே. பிறகு அவருக்கே போன் செய்தேன். சண்டைக்குப் போகவில்லை. முதலில் கேட்டேன், சாக்கடை என்றார். மறுநாள் கேட்டேன், லோகேஸ்வரன் என்றார். மூன்றாம் நாள் நானும் சிரித்துக்கொண்டே, "எங்க பெரியம்மாவுக்கு நல்லா வேணும், வாய் ரொம்ப ஜாஸ்தி" என்றேன். உடனே குரலே மாறிவிட்டது, அவ்வளவு சந்தோஷம். "பின்ன? ஆளுங்க முன்னாடி என்னைப் பேசிட்டு சும்மா போயிடுமா அது? எப்ப வீட்டைப் பூட்டிக்கினு போவுதுன்னு பார்த்துக்கினே இருந்தேன். சுடச்சுட ஊத்தினேன். நீ பாக்கணுமே, அப்படியே சுருண்டுச்சு" என்று சொல்லிச் சிரித்தார்.

நான் விதைப் பண்ணையில் தினமும் நூறு செடி பிடுங்கி எறிகிறவள். செடி செத்ததற்காக நான் அழவில்லை. அடித்துவிட்டுக் கத்தியிருந்தால்கூடச் சமாளித்திருப்பேனோ என்னவோ. பதினோரு நாள் காத்திருந்தார் பெரியம்மா. நானும் ஒருநாள் ஏதாவது சொல்லிவிடுவேன். எனக்கும் உங்கள் வாய்தான். சொல்லிவிட்டு அவர் சிரிக்கிற சிரிப்பைப் பார்த்து, எத்தனை நாள் கழித்து என்று எண்ணிக்கொண்டிருக்க என்னால் முடியாது.

கல்யாணம் வேண்டாம் என்று அவரிடம் சொல்லிவிட்டேன். அவர் வீட்டில் பெரியவர்களிடம் முறையாகச் சொல்ல வேண்டியது நீங்கள்தான், பேசி முடித்தது நீங்கள் என்பதால். பூ வைத்தபோது அவர்கள் கொடுத்த புடவையைப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். அம்மா புடவையை மடித்துக் கொடுத்தார், வாய் மட்டும் திறக்கவில்லை.

தீபிகா

*

பிள்ளையார்பாளையம்,
14-2-2025

காந்தா,

எழுதாதே என்றாய். எழுதுகிறேன். நாங்கள் நலம்.

நேற்றுப் புடவை வந்தது. தட்டில் வைத்து, வெற்றிலை பாக்கு வைக்காமல், பக்கத்து வீட்டுக்குப் போனேன். பத்து அடி தூரம். எந்த வீட்டுக்குப் போனாலும் வாசலிலேயே ஒரு கேலி சொல்லிவிட்டு நுழைகிறவள் நான். நேற்று ஒன்றும் வரவில்லை.

"எங்க பொண்ணுக்கு இஷ்டமில்ல. பேசினவ நான். தப்பு என்னுது" என்று தட்டைக் கீழே வைத்தேன். சீனிவாசன் எழுந்து நின்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினார். மலையில் வளர்ந்த பெண் என்றார், வயசு ஏறிக்கொண்டே போகிறது என்றார், உன்னைப் பற்றி ஒன்று சொன்னார், அதை எழுதமாட்டேன். எனக்கும் வாய் திறந்துகொண்டது. "உன் புள்ள ஊத்தின கொதிதண்ணிக்குப் பேரு சாக்கடையா? லோகேஸ்வரன அடிச்சதுக்கு இன்னிக்கு அந்தாளு காலுல உழுந்து மன்னிப்புக் கேக்கச் சொல்லு, அப்பறம் எங்க பொண்ணப் பத்திப் பேசு" என்று நானும் கத்தினேன். தெருவே கூடியது. ஆனந்தராஜ் மட்டும் கத்தவில்லை. கதவோரம் நின்று சிரித்துக்கொண்டிருந்தான்.

வெளியே வந்து என் வீட்டுப் படி ஏறும்போது இளவரசி பின்னாலேயே வந்தாள். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, யாரும் பார்க்கிறார்களா என்று பார்த்து, என் கையைப் பிடித்தாள். திட்டத்தான் வந்தாள் என்று நினைத்தேன்.

"அக்கா, இனிமே எந்தப் பொண்ணு ஜாதகத்தையும் எங்க வூட்டுக்குக் கொண்டாராதீங்க" என்றாள்.

"ஏண்டி, இத ஆடியிலயே சொல்லியிருக்கக் கூடாதா?" என்று சீறினேன்.

"நான் பெத்தவ ஆச்சேக்கா" என்றாள். அவ்வளவுதான். போய்விட்டாள்.

எனக்கு அவள் மேல் வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை. அவளை நினைத்து அழவும் வருகிறது. இரண்டையும் எங்கே வைப்பது என்று தெரியவில்லை. உன் மாமா தறியை நிறுத்திவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். முப்பது வருஷத்தில் பகல் வேளையில் அவர் தறியை நிறுத்தி நான் பார்த்ததில்லை.

காந்தா, சின்ன வயதில் என் கேலிக்கு அழுதேன் என்று எழுதினாயே. அதைத் தினம் எடுத்துப் படிக்கிறேன். விளையாட்டுக்கு என்று சொல்லித் தப்பிக்க மாட்டேன். நீ என்னைத் திட்டு. நியாயம்தான்.

நீலாம்பாள்

*

கோத்தகிரி,
20-2-2025

அக்கா,

எங்கள் உடம்புக்கு ஒன்றுமில்லை.

என் கோபம் போகவில்லை. கேட்கிறவர்களுக்கெல்லாம் பதில் சொல்லி வாய் வலிக்கிறது. மண்டபத்துக்காரர், சமையல்காரர், இவருடைய அக்கா, எதிர்வீடு, பஸ் கண்டக்டர்கூடக் கேட்கிறார். தீபிகா வழக்கம்போல் பண்ணைக்குப் போய்விட்டு வருகிறாள், பாட்டு வேறு பாடுகிறாள். அவளைப் பார்த்தால் அதற்கும் கோபம் வருகிறது. உன்னை மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. அதற்காக எழுதவில்லை.

நேற்று அரிசி களைந்துகொண்டிருந்தேன். திடீரென்று கை நின்றுவிட்டது. தினமும் பத்து தடவை அந்தக் கொடிக்கு அடியில் போய்க் குந்திக்கொள்வேன் என்று எழுதியிருந்தாய். அன்றைக்கு நீ தாமலுக்குப் போகாமல் இருந்திருந்தால்? இல்லை, போகிறாய் என்று அவன் நினைத்து, நீ போகாமல் அங்கே உட்கார்ந்திருந்தால்? அந்தத் தண்ணீர் உன் தலையில் அல்லவா விழுந்திருக்கும்? களைந்த அரிசியை அப்படியே வைத்துவிட்டு வந்து இதை எழுதுகிறேன்.

தெருவைக் கூட்டி அவனை நாலு பேர் முன்னால் பேசிவிட்டு வந்திருக்கிறாய். அவன் கத்தவில்லை, சிரித்தான் என்று நீயே எழுதியிருக்கிறாய். எழுதும்போது உனக்கு உறைக்கவில்லையா? அறிவு இருக்கிறதா உனக்கு?

அந்த மதில் எவ்வளவு உயரம்? எட்டிப் பார்க்கிற உயரம்தானே? மேலே தகரம் அடிக்கச் சொல், இன்றைக்கே. புழக்கடைக் கதவுக்குத் தாழ்ப்பாள் உள்பக்கமா, வெளிப்பக்கமா? இரும்பா, மரமா? மாமா தறிக்குழியில் இறங்கிவிட்டால் இடி விழுந்தாலும் காதில் விழாது. துணி துவைக்க, பாத்திரம் தேய்க்க அங்கே தனியாகப் போகாதே. வாசல் பக்கம் உட்கார்ந்து தேய், யார் பார்த்தால் என்ன?

எனக்கு வேறு எதுவும் எழுதாதே. தாழ்ப்பாளைப் பற்றி மட்டும் எழுது. உடனே எழுது.

காந்தா